அரளி இருக்கும் ஊரெல்லாம்

மதினி,

இன்று காலை பால்கனியைப் பெருக்கும்போது நந்தியாவட்டைத் தொட்டிக்கு அடியில் மிளகு மிளகாகப் புழுக்கை கிடந்தது. "மருந்தடிக்கணும்மா" என்றாள் மகள். அவளை விரட்டிவிட்டு இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. விரல் தண்டிப் பச்சைப் புழு. பின்பக்கம் குட்டிக் கொம்பு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள். அவை கண்ணே இல்லை, வெறும் மிரட்டல் என்று கண்டுபிடிக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆனது!

அறுபதுகளில் ஒரு சாரல் காலம். கல்யாணமாகிப் புளியறையிலிருந்து எங்கள் தென்காசி வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பட்டாளத்திலிருந்த அண்ணன், குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதென்று உங்களை ஜபல்பூருக்கு அழைத்திருந்தான். உங்களுக்குப் போகப் பயம். யாரிடமும் சொல்லாமல் புறவாசல் செடியில் இருந்த இதே மாதிரிப் புழுவையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

பாட்டிலில் போட்டு வளர்த்தோம். கொய்யா இலை, முருங்கை இலை எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆடு சீண்டாத அரளியைப் போட்டால் நறுக்நறுக்கென்று தின்றது. "ஏட்டி, வெசத்தத் தின்னுட்டு எப்படி இருக்கு பாரு!" என்று சிரித்தீர்கள். நம் வீட்டில் நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒருநாள் தீனியை நிறுத்திவிட்டு உடம்பெல்லாம் கறுத்துப்போனது. செத்துவிடும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் அதைச் செடிக்கு அடியில் கவிழ்த்தீர்கள். அது விடுவிடுவென்று சருகுக்குள் நுழைந்தது.

"சாகலட்டி. எடம் தேடுது."

சருகுக்குள் கூடாகிக் கிடந்து, ஓர் அந்தியில் பச்சையும் ரோஜா நிறமும் குழைந்த விட்டிலாக வெளியே வந்தது. இறக்கை விறைத்ததும் குற்றால மலைப் பக்கம் பறந்துபோனது.

"இது எங்கன வரைக்கும் இருக்கும்? ஜபல்பூர்ல இருக்குமா?" என்று கேட்டீர்கள்.

எனக்கா தெரியும்? "அரளி இருந்தா இருக்கும் மதினி" என்று அடித்துவிட்டேன். மறுவாரம் ரயிலேறினீர்கள்.

அடுத்த லீவுக்கு வந்தபோது, பெட்டியை இறக்கும் முன்னே ரயிலடியிலேயே சொன்னீர்கள்: "இருக்குட்டி! வாசல்ல அரளி வேலி. போன அன்னைக்கே இலையத் திருப்பிப் பாத்தேன், இல்ல. மழ பெஞ்ச பொறவு வந்துட்டு. அன்னைக்குத்தான் அந்த வீட்ல வயிறாரச் சோறு தின்னேன்."

ஆப்பிரிக்காவிலும் உண்டாம், கடல் தாண்டி ஐரோப்பா வரைக்கும் பறக்குமாம். பேத்தி போனில் காட்டினாள். இது தெரியாமலே போய்விட்டீர்களே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

நானும் கல்யாணமாகி ஊர் ஊராய்ப் போனவள்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்பங்கரையைப் பார்க்கும் முன்னால் வாசல் செடியின் இலையைத்தான் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இப்போது நீங்கள் போயிருக்கும் இடத்தில் என்ன செடி இருக்கிறதோ, அதில் எது மேய்கிறதோ. இந்நேரம் பார்த்திருப்பீர்கள். வந்து சொல்லத்தான் அங்கே லீவு கிடையாது.