மஞ்சள் பாக்கெட்டுக்குப் பழி

டிச. 1, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கம்பெனி யூனிபார்ம் மட்டும் ஃபேனுக்குக் கீழே, அதுவும் அரைகுறை ஈரம்.

ஆராதனை முடிந்து மாதர் சங்கக் கூட்டம். கிறிஸ்துமஸ் பை விஷயம். வருஷா வருஷம் சபையில் கஷ்டப்படுகிற பன்னிரண்டு குடும்பத்துக்கு மளிகைப் பை கொடுக்கிறோம். சாமான் வாங்குவது எப்போதும் செயலாளர் ரஞ்சிதம் டீச்சர்தான். இந்த வருஷம் "வேற யாராவது செய்றீங்களா" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். நான் கையைத் தூக்கிவிட்டேன். அந்த முகத்தைப் பார்க்கணுமே.

(டைரியில் மட்டும்தான் 'கேட்டாள்'. நேரில் 'வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர்'. இனிமேல் இங்கே ர.டீ. என்று போட்டால் அந்தம்மாதான்.)

இரண்டு வருஷம் காத்திருந்தேன். மீன் குழம்பு இன்று நல்ல பதம்.

டிச. 2, திங்கள்

ஷிப்ட் பஸ் லேட். ஆம்பூர் பைபாஸில் லாரி நின்றுவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து பழையதையெல்லாம் கிளறிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆர்டர் இல்லையென்று எங்கள் ஷூ கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் வேலை செய்த தோல் டேனரியும் அதே மாசம் மூடிக்கிடந்தது. அந்தக் கிறிஸ்துமஸில் பன்னிரண்டு பையில் ஒன்று எங்களுக்கு. வாங்கிவர மகள் ஷைனியை அனுப்பினேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பையில் பருப்பு, எண்ணெய், டீத்தூள், மிளகாய்த்தூள் எல்லாமே மஞ்சள் பாக்கெட். பைபாஸ் ரோட்டு சூப்பர் மார்க்கெட்காரன் தன் கடைப் பேரையே அடித்து விற்பது. பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். ர.டீ. சிரித்துக்கொண்டே சொன்னது:

"இன்னா பாக்கறே? உங்க வீட்டுக்கு இது போதும்."

பின்னால் நின்றது ஷைனி வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர். ர.டீ. அவர்களுக்கும் டீச்சர்.

இன்றுவரை ஷைனி எந்தப் பாக்கெட்டையும் வீட்டுக்கு வந்த நிமிஷமே டப்பாவில் கொட்டிவிட்டு, கவரைச் சுருட்டிக் குப்பையில் அடியில் போடுவாள். இப்போது வேலூரில் காலேஜ், தினம் போய்வருகிறாள். அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கும் அந்த 'போதும்' போகவில்லை.

டிச. 4, புதன்

திட்டம்:
1. பன்னிரண்டு பையிலும் டி.வி.யில் விளம்பரம் வருகிற சாமான் மட்டும். மஞ்சள் ஒன்றுகூடக் கூடாது.
2. பை கட்டுகிற அன்று சங்கத்துக்கு டீ போடுவது நான். மஞ்சள் பாக்கெட் டீ. ர.டீ. குடிக்கணும், நல்லாயிருக்கு என்று தன் வாயால் சொல்லணும், அப்புறம் நான் சொல்லணும்.
3. சொல்லும்போது சிரிக்கக் கூடாது.

சாயங்காலம் வீட்டிலேயே சோதனை. அவரும் ஷைனியும் கண்ணை மூடிக்கொண்டு. பருப்பு: வித்தியாசமே இல்லை. மிளகாய்த்தூள்: மஞ்சளில் காரம் ஜாஸ்தி. பிஸ்கட்: ஒன்றுதான். டீ: மூன்று தடவை மாற்றி மாற்றிக் கொடுத்தேன், மூன்று தடவையும் இரண்டு பேருமே டி.வி. டீதான் நல்லது என்றார்கள். நானும் குடித்துப் பார்த்தேன். ஆமாம், அதுதான் நல்லது. மஞ்சள் டீ கொஞ்சம் வெந்நீர்.

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, பால் ஜாஸ்தி விட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்.

டிச. 6, வெள்ளி

கால் வலி. இன்று முழுக்க ஒரே மாடல் ஷூ. எனக்கு ஸ்டாம்பிங் செக்‌ஷன். ஷூவின் உள் அட்டையில் தங்கக் கலரில் பேர் அடிப்பது. காலையில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி பேர். மத்தியானம் அச்சை மாற்றி வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட் ஒன்றின் பேர். தோல் அதேதான், தையல் அதேதான், அடித்த கையும் என் கைதான். அங்கே இதற்கொரு விலை, அதற்கொரு விலையாம்.

சாப்பாட்டு நேரத்தில் நூர்ஜஹான் அக்காவிடம் திட்டத்தைச் சொன்னேன். பக்கத்து மெஷின். எனக்கு மூத்தவள், எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள். கேட்டுவிட்டுக் கத்தரிக்காயை நகர்த்தி வைத்தாள்.

"நாள் பூரா பேர் அடிக்கிறவ நீ. பேருல இன்னா இருக்குன்னு உனக்கே தெரியும். அப்புறம் இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

தெரியும் அக்கா, எனக்கு வேண்டியதே அந்தப் பேர்தான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் பிள்ளை கையில் யாரும் பை கொடுத்ததில்லை.

டிச. 7, சனி

சாமான் வாங்கியாச்சு. அதே சூப்பர் மார்க்கெட். மஞ்சள் அலமாரியைத் தாண்டும்போது தலையைக்கூடத் திருப்பவில்லை. வண்டியை நேராக டி.வி. சாமான் பக்கம் தள்ளினேன். கலர் கலராக எவ்வளவு அழகு.

சபை கொடுக்கிற தொகை வருஷா வருஷம் ஒன்றுதான். அதனால் பருப்பு இரண்டு கிலோ இருந்த இடத்தில் ஒன்று. எண்ணெய் இரண்டு இருந்த இடத்தில் ஒன்று. டீத்தூள் சின்னது. இருக்கட்டும். அளவா முக்கியம், தரம்தான்.

ர.டீ. போன். எத்தனை கிலோ வருது என்று விசாரணை. எல்லாம் வரும் டீச்சர், நீங்க கவலையே படாதீங்க என்றேன். என் குரலில் தேன் ஒழுகியது.

வாங்க மறந்தது: இஞ்சி, வீட்டுக்குத் தீப்பெட்டி.

டிச. 10, செவ்வாய்

மழை. ஷைனிக்குச் சளி. கிறிஸ்துமஸ் புடவைக்குப் பணம் எடுத்து பீரோவில் தனியாக வைத்தாயிற்று. மயில் கழுத்துக் கலர், ஜவுளிக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன்.

டிச. 14, சனி

நடந்தது. வரிசையாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

மத்தியானம் சபை ஹாலில் பதினைந்து பேர் உட்கார்ந்து பை கட்டினோம். வழக்கமான பெரிய பை தொளதொள என்று நின்றதால் சின்னப் பையாக மாற்றினேன். பார்க்க எடுப்பாக இருந்தது. மூன்று மணிக்கு டீ. டி.வி. டீத்தூள் டப்பாவில் மஞ்சள் டீத்தூளைக் கொட்டி எடுத்துப் போயிருந்தேன். எல்லோர் கண் முன்னாலும் அந்த டப்பாவைத் திறந்து போட்டேன். இஞ்சி ஒரு பிடி.

ர.டீ. ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய். அப்புறம் பக்கத்தில் இருந்த நர்சம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"கம்பெனி டீன்னா கம்பெனி டீதான். வாசனையே தனி."

என் பையிலிருந்து காலி மஞ்சள் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இதுதான் டீச்சர் நீங்க குடிச்சது. உங்க வீட்டுக்கும் இது போதும் போலிருக்கே."

சிரிக்கவில்லை. சிரித்தது மற்றவர்கள். நர்சம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. ர.டீ. முகம் வாடிப்போனது. நான் எதைச் சொல்கிறேன் என்று அவளுக்கு ஞாபகம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். மிச்ச டீயைக் குடித்துவிட்டு, கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, வந்து பை கட்ட உட்கார்ந்தாள்.

போகும்போது ஒரு பையைத் தூக்கிப் பார்த்து வைத்தாள். இன்னொன்றைத் தூக்கினாள். எடை பார்க்கிறாளாம். பார்க்கட்டும்.

என்ன ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கினேன்.

டிச. 15, ஞாயிறு

பை கொடுத்தோம். நானே ஒவ்வொருவர் கையிலும். கனி என்று ஒரு சின்னப் பெண், அம்மாவுக்குப் பதிலாக வந்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பாரும்மா, நல்லா பாரு, எல்லாம் டி.வி.ல வர்றது என்றேன். அவள் கண் விரிந்தது. அதற்காகத்தான் எல்லாம்.

சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தில் சங்கத்துக்கு நன்றி சொன்னார். ர.டீ. முன் வரிசை. தலை திரும்பவில்லை. எனக்கு சங்கீதம்கூடக் காதில் விழவில்லை. அவள் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிச. 17, செவ்வாய்

வெயில் வந்தது. போர்வை துவைத்தேன்.

வேலை முடிந்து வரும்போது கனியின் அம்மா காஞ்சனா வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல் தோலைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. புருஷன் இல்லை, மூன்று பிள்ளை, படுத்த படுக்கையாக மாமியார். பை எப்படி என்று நானாகப் போய்க் கேட்டேன். நல்ல வார்த்தை கேட்கத்தான் போனேன். பொய் சொல்வானேன்.

ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்:

"தப்பா நெனச்சிக்காத எஸ்தரு. டீச்சர் குடுக்கறப்ப பருப்பு பொங்கல் தாண்டி ஓடும். இது புது வருஷம் வரைக்கும் வந்தா பெருசு. கவர் பளபளன்னுதான் இருக்குது, இல்லன்னு சொல்லல. கவரையா வேவிச்சுத் துன்னமுடியும்?"

அடுத்த வாரம் தைக்க வேலை வருமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். வந்துவிட்டேன்.

டிச. 18, புதன்

காஞ்சனா மேல் கோபம். நன்றி கெட்டவள் என்று காலையில் மூன்று தடவை மனசில் திட்டினேன். நாலாவது தடவை வரவில்லை.

பீரோவிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முந்தின டைரியை எடுத்தேன். அந்த டிசம்பர். 'உங்க வீட்டுக்கு இது போதும்' பெரிய எழுத்தில், கீழே இரண்டு கோடு. அதற்கப்புறம் ஒரு வாரம் அவளுக்குச் சாபம். பை எத்தனை நாள் ஓடியது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதாவிட்டால் தெரியாதா? ஜனவரி கடைசியில் கம்பெனி கூப்பிடுகிற வரைக்கும் ஓடியது. கடைசி வாரம் அந்த மஞ்சள் பருப்பில் ரசம் மட்டும் வைத்தேன். அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஷைனி பரீட்சைக்குப் படித்தாள்.

ர.டீ. சொன்னது தப்புதான். இப்போதும் சொல்கிறேன், தப்பு. ஆனால் நிறைய கொடுத்தாள். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மெஷினில் இன்று இரண்டு அட்டை கோணல். சூப்பர்வைசர் கத்தினான்.

டிச. 19, வியாழன்

சூப்பர் மார்க்கெட்டில் கேட்டேன். மஞ்சள் பருப்பு, எண்ணெய் மொத்தமாக எடுத்தால் கம்மியாகத் தருவாயா என்று. தருவோம், ஆனால் ஒரு டீச்சரம்மாவுக்குத்தான் அந்த விலை, அவங்க பல வருஷமா பேசி வெச்சது, அவங்க வந்தா போடறேன் என்கிறான் மேனேஜர். புடவைப் பணத்தில் கடை விலைக்கு வாங்கினால் பத்து வீட்டுக்குக்கூட வராது.

செத்தாலும் அவள் வீட்டுப் படி ஏற மாட்டேன்.

டிச. 21, சனி

ஏறினேன்.

பத்து மணி. நல்ல வெயில். பெல் அடித்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. கதவைத் திறந்தவுடனே சொல்லிவிட்டேன், நின்றபடியே. பை சின்னதாகப் போய்விட்டது டீச்சர், பன்னிரண்டு வீட்டுக்கும் இன்னொரு தடவை கொடுக்கணும், கடைக்காரர் உங்களுக்குத்தான் அந்த விலை தருவாராம். புடவைப் பணத்தை மூடின கையிலேயே வைத்திருந்தேன்.

என்னைத் திட்டுவாள் என்று பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். மூன்று பதில். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"தெரியும். தூக்கிப் பார்த்தேன்ல" என்றாள். இரு, பால் வெச்சிருக்கேன், அணைச்சிட்டு வர்றேன் என்று உள்ளே போனாள். சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன், அந்த வீட்டில் என்ன பாக்கெட் என்று. எல்லாம் எவர்சில்வர் டப்பா. மூடி போட்டு வரிசையாக. ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காட்டவில்லை. பழி வாங்க அவளுக்கும் தெரிகிறது. பாலம் தாண்டினதும் திரும்பாமலே கேட்டாள், ஷைனி எப்படிப் படிக்கிறா என்று. நல்லா படிக்கிறா டீச்சர் என்றேன். அன்னிக்கு அந்தப் பிள்ளைகள் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். ஆட்டோ சத்தத்திலும் நன்றாகக் காதில் விழுந்தது.

கடையில் மஞ்சள் அலமாரி. அவள் எடுத்துக் கொடுக்க, நான் வண்டியில் அடுக்கினேன். வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பு, ஒரு எண்ணெய். பன்னிரண்டு ஆனதும் கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"இது போதும், எஸ்தர்."

காஞ்சனா வீட்டு மாமியாரை நினைத்தேன். ஷைனியையும்.

"போதாது டீச்சர்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தன் பர்சைத் திறந்து பார்த்தாள், மூடினாள், அலமாரிக்குத் திரும்பி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.