செவிலிமேட்டு சாசேஜ் வண்டி

மார்ச் 6, 2024, புதன்

வண்டி இன்று முதல் முறையாகச் செவிலிமேடு பேருந்து நிறுத்தத்தில் நின்றது. சைக்கிள் சக்கரம் வேண்டாம் என்று பட்டறையில் நான் பிடிவாதம் பிடித்தது நல்லதாகப் போயிற்று. ஸ்கூட்டர் சக்கரம் என்பதால் சாலையோர மணலில் புதையவில்லை. பர்னரைச் சுற்றித் தகரம் அடித்தாயிற்று. பாலாற்றுப் பக்கத்துக் காற்றுக்கு அது இல்லாமல் தீ நிற்காது. கேஸ் குழாயின் இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை.

கிரேஸ் சிரித்தாள். "கேன்டீன்ல மெஷினைப் பாத்துக்கினு இருந்த மாதிரியே இங்கயும் பண்ற. சரி, நீ மெஷினைப் பாரு. சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்."

ஒரகடத்துத் தொழிற்சாலை கேன்டீனில் ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தோம். கேன்டீனை மூடிவிட்டார்கள். அங்கே வெளிநாட்டு அதிகாரிகளுக்கு அவள் பன்னுக்குள் இறைச்சி சாசேஜை வைத்துச் செய்து கொடுத்த ஹாட் டாக்தான் இனி எங்கள் பிழைப்பு.

மார்ச் 14, வியாழன்

ஆவிப் பெட்டி பழகிவிட்டது. கீழே தண்ணீர், மேலே ஓட்டைத் தட்டில் சாசேஜ். பன்னைக் கொடுக்கும் முன் அரை நிமிடம் காட்டினால் போதும், அதற்கு மேல் போனால் கொழகொழத்துவிடும். தண்ணீரை ஒரு மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

டவுன் பஸ் கண்டக்டர் முத்துக்குமார் தினமும் வருகிறார். பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடி வந்து, "அக்கா, ஒண்ணு. சுகர் இருக்குது, வூட்ல சொல்லிடாதீங்க" என்பார். அவர் வீடு எது என்றே எங்களுக்குத் தெரியாது.

மார்ச் 22, வெள்ளி

ஐஸ் பெட்டி மூடியின் ரப்பர் கிழிந்துவிட்டது. மூடினாலும் ஒரு விரல் இடைவெளி. துணியைச் சுற்றிக் கட்டி வைத்தேன். "வேற பொட்டி வாங்கிடு குழலி, வெயில் ஏறிக்கினு போவுது" என்றாள் கிரேஸ். வாங்கிவிடுகிறேன் என்றேன். அதுவரை ஐஸைக் கூடப் போட்டுச் சமாளிக்கலாம்.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. கிரேஸ் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். "இன்னிக்கு வண்டி போடாத, ரெண்டு பேரும் சேர்ந்து நாளைக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கேட்கவில்லை. தனியாகவே போட்டேன்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சாசேஜ் பாக்கெட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. வெப்பமானியை வைத்தேன். இருபத்தாறு. நான்கு, ஐந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன், மாறிவிடும் என்பதுபோல. இருபத்தாறு.

முகர்ந்து பார்த்தேன். கெட்ட வாசனை இல்லை. கூடுதலாக ஆவியில் விட்டால் எந்தக் கிருமி இருக்கும்? அப்படித்தான் நினைத்தேன். பதினொன்று விற்றது. முத்துக்குமார் பசியோடு வந்தார், இரண்டு சாப்பிட்டார். மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். விற்க முடிந்ததை ஏன் குப்பையில் போட்டேன்?

மார்ச் 30, சனி

புதுப் பெட்டி வாங்கினேன். கிரேஸிடம் நேற்றைய விஷயத்தைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

பஸ்ஸில் வேறு கண்டக்டர். முத்துக்குமார் எங்கே என்று கிரேஸ்தான் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம ராத்திரிலேர்ந்து வாந்தி, பேதி. சுகர் ஒடம்பு இல்லியா, ஆஸ்பத்திரில சேத்துக்கறாங்க. மத்தியானம் வாலாஜாபாத்துல பரோட்டா துன்னானாம், அதான்."

நான் ஆவிப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பர்னர் மேல் வழிந்து அடுப்பு அணைந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

வாலாஜாபாத்தில் பரோட்டா வண்டி வைத்திருக்கும் ராஜவேலு என்பவரின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 'இங்கே சாப்பிடாதீர்கள்' என்று மேலே எழுதி, முத்துக்குமாரோடு வேலை செய்யும் கண்டக்டர்கள் போட்டிருக்கிறார்கள். கிரேஸ் அதை என்னிடம் காட்டினாள். "பாரு, இவங்கள நம்பி எப்டி துன்றது? நம்ம வண்டி எவ்ளோ சுத்தம்."

ஏப்ரல் 5, வெள்ளி

மற்ற ஒன்பதைச் சாப்பிட்டவர்கள் யார்? எனக்கு மூன்று முகங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

ஏப்ரல் 6, சனி

வாலாஜாபாத் போனேன். அறுபது வயதிருக்கும் ராஜவேலுவுக்கு. ஈரத் துணியின் கீழ் மாவு உருண்டைகள் அப்படியே இருந்தன. ஒரு பரோட்டா கேட்டேன். எனக்காக அடுப்பைப் பற்ற வைத்தார்.

"ரெண்டு நாளா நீதாம்மா மொதோ ஆளு. இருபது வருசமா இதே எடத்துல போடறேன், ஒருத்தன் ஒண்ணு சொன்னது இல்ல." கேட்காமலே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்தேன். கை கழுவினேன். வந்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லையே நான். இன்னா மனுஷி நான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கிரேஸிடம் சொல்லிவிட்டேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா ஓடிப் போயி அவரப் பாத்திருக்கலாம். ஒன்பது வருசத்துல ஒரு தபா நான் உங்கிட்ட எதனா மறச்சிருப்பேனா?"

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"போனா வண்டி அவ்ளோதான். தெரியுமில்ல?" பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போவாதன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல."

ஏப்ரல் 8, திங்கள்

முத்துக்குமார் பாதியாக இளைத்திருந்தார். சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்களே வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுவதுமாகப் போகும்வரை பேசினேன். மூடி, ஐஸ், இருபத்தாறு, எல்லாம்.

அங்கிருந்த நர்ஸ் சொன்னார்: "வேக வெச்சா கிருமி செத்துடும்மா. அது விட்டுட்டுப் போன விஷம் போவாது." இது தெரியாமலா ஒன்பது வருடம் கேன்டீனில் இருந்தேன்.

முத்துக்குமார் கஞ்சியைக் கீழே வைத்தார். "அந்தப் பெரியவர அசிங்கப்படுத்திட்டமே" என்றார். அவ்வளவுதான்.

அவர் மனைவி துர்காதேவிதான் வாசல்வரை கூடவே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "அவரு எழுந்து உக்காந்துட்டாரு, நீங்க வந்து சொல்றீங்க. எழுந்திருக்காட்டி சொல்லியிருப்பீங்களா?"

பஸ் ஏறாமல் நடந்தே வீடு வந்தேன்.

ஏப்ரல் 10, புதன்

முத்துக்குமார் நடந்ததைப் பேசிப் பதிவு செய்து, அந்தப் படம் வந்த வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருக்கிறார். ராஜவேலுவிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். நானும் நேரில் போனேன். அவர் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டார், நிமிரவில்லை. "அன்னிக்கு என் கையால சாப்ட்டுட்டுத்தானம்மா போன" என்றார். பிறகு, "சரி, கெளம்பு."

ஏப்ரல் 20, சனி

பத்து நாட்களாக வண்டிப் பக்கம் யாரும் வரவில்லை. கிரேஸ் இன்று சொன்னாள்: "நான் வண்டிய ஐயம்பேட்டைக்கு எடுத்துக்கினு போறேன். நீ வர வேணாம். ஒம்மேல கோவம் இல்ல, சனங்க உன்னப் பாத்தா—" நிறுத்தினாள். "இல்ல. கோவம் இருக்குது."

ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுத்தேன். சிலிண்டரைச் சாய்த்து வைக்காதே. ஐஸை அடியில் பாதி, மேலே பாதி போடு. கை கழுவும் தண்ணீருக்குத் தனி கேன் வை. வெப்பமானியை அவள் கையில் கொடுத்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மே 17, வெள்ளி

சேலைக் கடையில் வேலை. காட்டிய புடவைகளை மடித்து அடுக்க வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

கிரேஸ் போன் செய்தாள். "பர்னர் மஞ்சளா எரியுது. பொட்டி அடியெல்லாம் கரி."

"காத்து போற ஓட்டைல தூசி அடச்சிருக்கும். ஆஃப் பண்ணு, ஆறட்டும், பிரஷ் போட்டு தொட. ஊசி வெச்சிக் குத்தாத, ஓட்ட பெருசாயிடும்."

போனை வைக்காமல் செய்தாள். தகரம் உரசும் சத்தம், யாரோ சாஸ் கேட்கும் சத்தம், அவள் மூச்சு, எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீலமாயிடுச்சி" என்றாள்.

"எப்டி இருக்க கிரேஸ்?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

போன வாரம் சக்கரத்துக்காகக் கூப்பிட்டாள். அதற்கு முன் வண்டிக் குடையின் கம்பிக்காக. வேறு எதற்கும் கூப்பிடுவதில்லை. வண்டியில் மறுபடி ஏதாவது கெட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். சின்னதாக ஏதாவது. யாருக்கும் ஒன்றும் ஆகாத ஏதாவது.