எட்டாம் தளத்துத் தண்ணீர்

ட்ரெலோ மேடு, கலிபோர்னியா
19 அக்டோபர் 1942

அன்புள்ள டிகோரிக்கு,

நீங்கள் மொன்டானா போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் கிடைத்தது. போருக்குத் தங்கம் வேண்டாம், செம்புதான் வேண்டும் என்று சர்க்கார் சொன்னாலும் சொன்னது, இந்தத் தங்கச் சுரங்க ஊரே காலியாகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டில் ஆண்குரலே இல்லை. பம்புக்காரப் பாஸ்கோ ஒருவனே நாலு பேருக்குச் சேர்த்துக் கத்துகிறான்.

சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் பம்பைப் பற்றி அவனிடம் கேட்டேன். "மேலிடத்துல நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஓட்டுவேன்க்கா. அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்றான். பம்பு நின்றால் எட்டாம் தளம் மூழ்கும். நம் பிள்ளை கிட்டோ அங்கேதான் இடிந்த கல்லுக்கடியில் கிடக்கிறான். வழியைத் தோண்டி அவன் உடலை மேலே கொண்டுவருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதுவரை நான் எங்கும் வருவதாக இல்லை.

உங்கள் டாம்சின்

ப்யூட், மொன்டானா
2 நவம்பர் 1942

அன்பு டாம்சின்,

அந்த மேனேஜரே இப்போது என்னோடு இங்கே செம்புச் சுரங்கத்தில் இருக்கிறார். யாரும் தோண்டப் போவதில்லை.

சுரங்கக் கூரை இடிந்து அவன் போன அன்றே, குழி வாயில் நின்று அடக்க ஜெபம் சொல்லிவிடலாம் என்றேன். "புள்ள மேல வராம ஜெபமா? நீங்கெல்லாம் ஒரு அப்பனா?" என்று ஊர் முன்னால் கேட்டாய். அது இன்னும் வலிக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே தனியாக நிற்காதே. இங்கே வந்துவிடு.

டிகோரி

ட்ரெலோ மேடு
17 ஜனவரி 1943

அன்புள்ள டிகோரிக்கு,

பம்பை நிறுத்திவிட்டார்கள். பாஸ்கோ நேற்று வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "எட்டாந்தளம் போயிருச்சுக்கா" என்றான். அவனை நான் திட்டவில்லை.

இன்று போதகரை அழைத்து ஜெபம் சொல்லச் சொன்னேன். பெண்கள்தான் பாடினோம். குழிக்குள் இரண்டு பிடி மண் போட்டேன், ஒன்று உங்களுக்காக. தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அன்று உங்களை அப்படிக் கேட்டது தப்பு.

வருகிறேன். ஆனால் சுரங்கத்தில் இறங்குகிற மனிதனுக்கு இனி நான் சாப்பாடு கட்ட மாட்டேன், விபத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் ஓடிப்போய்க் குழி வாயில் நிற்கவும் மாட்டேன். வெளிச்சத்தில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு எழுதுங்கள். முடியாதென்றால் எழுத வேண்டாம்.

டாம்சின்

ப்யூட்
30 ஜனவரி 1943

டாம்சின்,

தாத்தா காலம் தொட்டுப் பூமிக்குக் கீழேதான் பிழைப்பு. மேலே எனக்கு என்ன தெரியும் என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். சுரங்க விளக்கைத் திருப்பிக் கொடுத்து விலகிவிட்டேன். திங்கட்கிழமை முதல் காட்டில் மரம் வெட்டுகிறேன். கை முழுக்கக் கொப்புளம்.

எனக்காக மண் போட்டாயே, அதைப் படித்துவிட்டுத்தான் கிட்டோவுக்காக நான் முதல்முறை அழுதேன்.

வா.

உன் டிகோரி