நான் வாங்கி வந்த பேப்பர் கப்

என் அன்புக் காசிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. சௌக்கியமா என்று எழுத வந்த கையை அடக்கிக்கொண்டேன். இங்கே மழை சரியில்லை, மக்காச்சோளம் சுமார், வெங்காயம் பரவாயில்லை. உன் கடையை உன் தம்பி நடத்துகிறான். போன மாதம் என் போர் மோட்டார் புகைந்தபோது அவன்தான் வந்து காயில் கட்டிக் கொடுத்தான். "வோல்ட்டேஜ் பாக்காம ஏங்க சுவிட்சப் போடுறீங்க?" என்று அப்படியே உன் குரலில் திட்டினான்.

நாளை மறுநாள் என் மகள் தேன்மொழிக்கு நிச்சயதார்த்தம். வீட்டு வாசலில் பந்தல், அதிலேயே பந்தி. அந்தப் பந்தியில் யார் உட்காருவார்கள், யார் எழுந்து போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரமும் சம்பந்திகளாக இருப்பார்களா என்பதுகூடத் தெரியவில்லை. இந்த நிலைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் உறையை ஒட்டாமல் எழுதுகிறேன்.

அவர்களுக்கு உன்னைத் தெரியாது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன் நீ. பத்தாவது வரை என்னோடு படித்தவன். ஒரே ஊர்தான், ஆனால் நீ காலனித் தெரு, நான் ஊர்த்தெரு. நான் நாலு ஏக்கர் காட்டோடு நின்றுவிட்டேன். இருபது வருடம் நாம் சேர்ந்து தெருமுனை நாடகம் போட்டோம். எழுதுவது நீ, வாய் கிழியப் பேசுவது நான். அரும்பாவூர், எறையூர், ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமங்கள் என்று நாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு போகாத ஊர் குறைவு.

டீக்கடை நாடகம்தான் நமக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. உன் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் கடைக்காரன் வேடம் எனக்கு. கடைசிக் காட்சியில் மனம் திருந்தி அந்த டம்ளரைத் தரையில் ஓங்கி அடித்து உடைப்பேன். ஊருக்கு ஒரு கண்ணாடி டம்ளர் செலவு. கைதட்டல் அடங்க நேரமாகும்.

லப்பைக்குடிக்காட்டில் நாடகம் முடிந்து ஒரு பாய் நம்மைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாரே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய தட்டு ஒன்றில் நம் குழுவில் நாலு பேருக்கும் சேர்த்துப் பிரியாணி வைத்து, "பிஸ்மில்லா சொல்லிக் கைய வைங்க தம்பி, கூச்சப்படாதீங்க" என்றார். உன் பக்கத்துச் சோற்றை நான் எடுத்தேன், என் பக்கத்துக் கறியை நீ எடுத்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதோ மாறிவிட்டேனே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

சரி, என் வீட்டுக்கு நீ வந்தால் காபி எதில் வரும்? பேப்பர் கப்பில்.

சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிப்பாய். குடித்ததும் கப்பை நசுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். எங்கள் வாசலில் குப்பைக்கூடை இருந்தது. ஒருநாளும் நீ அதில் போட்டதில்லை. எங்கள் வீட்டுக் குப்பையில் கிடந்த உன் கப்பை யாராவது முகம் சுளித்துக் குச்சியால் தள்ளியதைப் பார்த்துவிட்டாயா? என் அம்மா அப்படிச் செய்யக்கூடியவள்தான். நான் உன்னைக் கேட்டதே இல்லை.

அதை உன் சுத்தம் என்று நினைத்தேன் காசி. நினைத்ததோடு விட்டேனா? பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டம் ஒன்றில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம காசி மாதிரி ஒரு ஆளு உண்டா? எங்க வூட்டுல காபி குடிச்சாக்கூட அந்தக் கப்பைப் பாக்கெட்டுல போட்டு எடுத்துட்டுப் போயிடுவாரு" என்று பாராட்டினேன். கூட்டம் கைதட்டியது.

இந்த இடத்தில் 'நீயும் சிரித்தாய்' என்று முதலில் எழுதியிருந்தேன். உன் மகள் வெண்ணிலாவிடம் காட்டாமல் இதை வெளியே விடக் கூடாது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். "எங்கப்பா சிரிக்கல சார். தலையக் குனிஞ்சுகிட்டாரு. நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்." அந்த வரியை அடித்துவிட்டேன்.

எனக்குக் கண் திறந்தது உன் பதினாறாம் நாள் காரியத்தில். அதற்கு முன் உன் வீட்டுக்கு நான் வந்தது நாலு தடவை. நாலு தடவையும் "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்" என்று வாசலோடு திரும்பியவன். அன்று உன் மனைவி மலர்க்கொடி பளபளவென்று ஒரு எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தது. அடியில் கடை ஸ்டிக்கர் கூடப் போகவில்லை. "ஒங்களுக்குன்னே வாங்கி வச்சிருந்தாரு. புழங்காத டம்ளரா இருந்தா நீங்க கூச்சப்படாம குடிப்பீங்கன்னு சொல்லுவாரு" என்றது. எனக்காக நீ இவ்வளவு யோசித்திருக்கிறாய். உனக்காக நான் என்ன யோசித்தேன்?

கதவோரம் நின்ற வெண்ணிலா சட்டென்று கேட்டாள்: "எங்கப்பாவுக்கு நீங்க பேப்பர் கப்புலதான சார் குடுத்தீங்க? ஒங்க வூட்டுல டம்ளர் இல்லையா?"

"ஏய், சும்மா இரு" என்றது மலர்க்கொடி.

"கேட்டா என்னம்மா? இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும்."

காபியை எப்படியோ குடித்து முடித்து வீட்டுக்கு வந்தேன். வந்ததும் என் மனைவி சாந்தி மேல் பாய்ந்தேன். "காசிக்கு ஏன் பேப்பர் கப்புல குடுத்த?"

"கத்தாதீங்க. அந்தக் கப்ப மொத மொத வாங்கியாந்தது யாரு? நீங்கதான்."

நான்தான். என் அம்மா காலத்தில் உன் தெருவிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் கொல்லைக் கூரையில் செருகியிருக்கும். நீ என் வீட்டுக்கு வர ஆரம்பித்தபோது உனக்கு அதைக் கொடுக்க எனக்கு வெட்கம். வீட்டு டம்ளரைக் கொடுத்து அம்மாவோடு சண்டை பிடிக்கவும் பயம். அதனால் டவுனிலிருந்து பேப்பர் கப் ஒரு கட்டு வாங்கி வந்தேன். அம்மாவுக்கும் நிம்மதி, உனக்கும் அவமானமில்லை, யாருக்கும் சங்கடமில்லை என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அப்புறமும் கப் தீரத் தீர நான்தான் வாங்கி வந்திருக்கிறேன். மேடையில் டம்ளரை உடைத்துவிட்டு அதே கையால் வீட்டுக்குக் கப் வாங்கிப்போனவன் நான். இதை எழுதும்போது முகம் எரிகிறது.

இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். பிறகு எழுந்தேன். இனி கொஞ்ச காலத்துக்கு நாடகம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், முதலில் என் வீடும் என் காடும் என்று முடிவு செய்தேன்.

தையில் வெங்காயம் பிடுங்க உன் தெருவிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். கேனில் டீயோடு வீட்டு டம்ளர்களைக் கூடையில் எடுத்துப்போனேன். அவர்களில் மூத்த அஞ்சலை முறைத்துப் பார்த்தது. "எதுக்குங்க இதெல்லாம்? பேப்பர் கப்புன்னா தூக்கிப் போட்டுடலாம். இத யாரு கழுவுறது?"

"நான் கழுவுறேன்க்கா."

"என்னது, அக்காவா?" அஞ்சலைக்கு வாயடைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஆனால் என்ன செய்தார்கள் தெரியுமா? டீயை ஆறவிட்டு, உதடு படாமல் அண்ணாந்து குடித்தார்கள். பன்னிரண்டு பேரும். சொல்லிக் கொடுத்தது யார்? என் தெருதான், என் அம்மாதான், நான்தான். அவர்களோடு வரப்பில் உட்கார்ந்து வாய் வைத்துக் குடித்தேன், எல்லா டம்ளரையும் தண்ணீர்த் தொட்டியில் கழுவினேன். நாலாம் நாள் அஞ்சலை சூடாகவே வாய் வைத்துக் குடித்தது. "ஆறுன டீய எத்தன நாளைக்குக் குடிக்கிறது?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னது. அன்று மத்தியானம் காட்டுக்கு வந்த சாந்தி நான் கழுவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்படித் தேச்சா எண்ணெய்ப் பிசுக்குதான் மிஞ்சும், தள்ளுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த டம்ளர்கள் எங்கள் அடுப்பங்கரை அலமாரிக்கே திரும்பிப் போயின.

அடுத்த வாரம் பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். "ஒன் காட்டுல டம்ளர்ல குடிச்சுட்டு எங்காட்டுல வந்து, 'அங்க குடுக்குறாங்களே'ங்கிறாளுவ. ஏன்யா ஒனக்கு இந்த வேல?" அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். இருபது வருடம் நாடகம் போட்டோம் காசி, ஒருத்தரும் என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. ஒரு வாரம் டம்ளர் கழுவினேன், வீடு தேடி வந்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இல்லை, இனி உன் சிரிப்பைப் பற்றி நானாக எதுவும் எழுதக் கூடாது.

அப்புறம்தான் நிச்சயதார்த்தம் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? உங்கள் தெருவுக்குத் தாம்பூலத் தட்டு வராது. காட்டில் வைத்து வாய்வார்த்தையாகச் சொல்வோம். எங்கள் பந்திகள் எல்லாம் முடிந்தபின், மிஞ்சிய சோறு கொல்லைப்பக்கம் பாத்திரத்தில் விழும். இந்தத் தடவை நானும் சாந்தியும் தாம்பூலத் தட்டோடு உங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாக அழைத்தோம்.

என் அண்ணன் அன்றே வந்துவிட்டார். "நீ மேடையில என்ன வேணா பேசிக்க. எவனாச்சும் ஒன்னத் தடுத்தானா? வூட்டு விசேஷத்துல வேணாம். ஒரே பந்தின்னா நான் தட்டு மாத்த மாட்டேன், பங்காளி எவனும் ஒக்கார மாட்டான். பொண்ணு வாழ்க்கைய நெனச்சுப் பாரு."

எங்கள் குடும்பத்தில் மூத்தவர்தான் தட்டு மாற்ற வேண்டும். பெண்ணின் வாழ்க்கை என்றதும் ஆடிப்போனேன், பொய் சொல்லவில்லை. உங்கள் தெருவுக்கு மறுநாள் தனியாக, தடபுடலாக ஒரு விருந்து வைத்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. யாருக்கும் சங்கடமிருக்காது. அப்படி நினைத்து முடிப்பதற்குள் உடம்பு கூசியது. மறுபடியும் கடைக்குப் போய்ப் பேப்பர் கப் வாங்கத்தானே பார்க்கிறேன்?

தேன்மொழியிடம் உட்கார்ந்து சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "அவருகிட்டச் சொல்லிட்டேன்ப்பா. வூட்டுல பேசுறேன்னாரு. ஒத்துக்க மாட்டாங்கன்னா அது எனக்கு இப்பவே தெரியணும்" என்றாள். மாப்பிள்ளை வீடு செந்துறைப் பக்கம். வருகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வந்து உட்காருவார்களா என்பதற்குப் பதில் இன்னும் இல்லை. ஆனால் அவள் ஒரு தடவைகூட என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

உன் வீட்டில் தட்டை நீட்டியபோது மலர்க்கொடி வாங்கிக்கொண்டது. வெண்ணிலா என்னை நேராகப் பார்த்தாள். "நாங்க வந்து சாப்பிட்டாத்தான் நீங்க மாறுனதா அர்த்தமா சார்?"

"இல்லம்மா. நீங்க வரலன்னாலும் பந்தி ஒண்ணுதான்."

"சரி, வரோம். ஆனா நீங்க மைக்கைப் பிடிக்கக் கூடாது. எங்கப்பா பேரச் சொல்லி ஒரு வார்த்த பேசக் கூடாது. எங்கள நிக்க வச்சு யாருக்கும் காட்டக் கூடாது. மத்தவங்க மாதிரி வருவோம், சாப்பிடுவோம், போயிடுவோம்."

"இவருக்கு அது பட்டினி கெடக்குறதவிடக் கஷ்டம்" என்றாள் சாந்தி. மலர்க்கொடி சிரித்துவிட்டது. வெண்ணிலா சிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் விசேஷம் முடிந்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே செய்வேன்.

காசி, நாளை மறுநாள் ஒரே பந்திதான். அண்ணன் வராவிட்டால் தட்டை நானே மாற்றுவேன். உட்கார்ந்தவர்கள் எழுந்து போனால் வாசல்வரை போய்க் கும்பிட்டு அனுப்புவேன். பந்தியைப் பிரிக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டாரே எழுந்தால் என் மகள் அழுவாள், நானும் அழுவேன். அப்போதும் பிரிக்க மாட்டேன். உன் மனைவிக்கும் மகளுக்கும் சாந்தி சோறு போடுவாள். நான் அவர்களுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவேன். இது சத்தியம்.

வெண்ணிலாவின் பெரியப்பா என்று கையெழுத்துப் போட ஆசைதான். என்றைக்காவது அதை அவள் சொல்லட்டும்.

அதுவரைக்கும்,
உன்னோடு படித்த
செல்வராசு