மூன்றாவது ஸ்டிக்கும் சரியில்லை

மாப்ள,

கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலுக்குள்ளிருந்து வீடியோ கேம் ஸ்டிக்கை வெளியே எடுத்தேன். வயரைக்கூடச் செருகவில்லை. சிவப்பு உருண்டையைப் பிடித்துச் சும்மா ஒரு தடவை சாய்த்துப் பார்த்தேன். ‘டக்’ என்றது. அந்தச் சத்தத்தில், தென்னூரில் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த நம் வீடியோ கேம் பார்லருக்குள் போய் நின்றுவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, எந்த விலாசத்துக்கு எழுதுவாய் என்று கேட்காதே. பத்தாவதையே இரண்டு தவணையில் முடித்தவன் நான். அவ்வளவு தூரம் யோசிக்க வராது.

எனக்கு ஐம்பது முடிந்ததற்கு என் மகள் ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். டிவியில் செருகினால் நம் காலத்து ஆட்டம் அத்தனையும் வருகிறது. நம்முடையதும் இருக்கிறது. காட்டுக்குள் கோடரியை வீசிக்கொண்டே ஒருத்தன் ஓடுவானே, அது. ஐந்தாவது கட்டத்தில் அந்த மரப்பாலமும் அப்படியே இருக்கிறது, மிதிக்க மிதிக்கப் பலகை உதிரும் பாலம். இரண்டு வருஷம் முட்டி மோதியும் நாம் தாண்டாத பாலம். “தினம் ஸ்ரீரங்கத்துலேர்ந்து காவேரிப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போறேன், இந்தப் பிசாத்துப் பாலத்தைத் தாண்ட முடியல பாரு” என்று தலையில் அடித்துக்கொள்வாய். அந்தப் பக்கம் அரண்மனை இருக்கும் என்பாய் நீ. பெரிய ராட்சசன் ஒருத்தன் காத்துக்கொண்டிருப்பான் என்பேன் நான். யார் சொன்னது சரி என்று தெரிவதற்குள் பார்லரை மூடிவிட்டார்கள்.

அதைத் தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. நீ இருந்திருந்தால் இந்த வெறி வந்திருக்காது.

பெட்டியோடு வந்த கன்ட்ரோலரைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நம் ஆள் நேராகப் போய் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். “இது ஆகாதும்மா. நாங்கள்லாம் ஸ்டிக்ல ஆடுனவங்க” என்றேன். மகள் ஸ்டிக் வரவழைத்தாள். பிடி உருண்டையாக இல்லை, கத்தரிக்காய் மாதிரி நீளமாக இருந்தது. திருப்பி அனுப்பினோம். இரண்டாவதில் உருண்டை இருந்தது, ஆனால் அடியில் கனமில்லை. இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் அடிப்பாகமே எழும்பியது. அதுவும் திரும்பிப் போயிற்று.

“பட்டுப்புடவை எடுக்கப் போனாக்கூட நான் இவ்வளவு பிரிச்சுப் போடச் சொல்ல மாட்டேன்” என்றாள் என் மனைவி, நீ தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்ட அதே புண்ணியவதி.

“உனக்குத் தெரியாது. ஸ்டிக் கைக்கு அமையணும்.”

“அமைஞ்சிட்டா மட்டும்?”

நான் மகளிடம் மூன்றாவதை ஆர்டர் போடச் சொன்னேன்.

மூன்றாவதில் குறையே சொல்ல முடியாது. கனமான அடி, சிவப்பு உருண்டை, அதே ‘டக்’. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஆள் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். தாவச் சொன்னால் நின்றான், நிற்கச் சொன்னால் ஓடினான்.

“இதுவும் சரியில்லை. ஸ்பிரிங் டைட்டா இருக்கு.”

“அப்பா, மூணு கம்பெனியும் சேர்ந்து உங்களுக்கு எதிரா சதி பண்றாங்களா?” என்றாள் மகள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, “பார்லர்ல எப்படிப் பிடிப்பீங்க? அப்படியே காட்டுங்க” என்றாள்.

அங்கே நின்றுகொண்டுதானே ஆடினோம். எழுந்து, ஸ்டிக்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். வலது கை தானாகப் போய் இரண்டு பட்டன் மேலேயும் உட்கார்ந்தது. தாவ ஒன்று, கோடரி வீச ஒன்று. விரல் எதையும் மறக்கவில்லை. இடது கை மட்டும் ஸ்டிக் பக்கமே போகவில்லை. அது பாட்டுக்கு மேலே எழும்பி, காற்றில் ஓர் இடத்தில் போய் நின்றது.

“என்னப்பா, பஸ்ல கம்பி பிடிக்கிற மாதிரி?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உயரம் எனக்குத் தெரியும் மாப்ள. அது உன் தோள்.

இதை எப்படி மறந்தேன்? அந்த மெஷினில் இரண்டாவது ஆளுக்கான ஸ்டிக் உடைந்தே கிடந்தது. அது இருந்த ஓட்டையில் பார்லர் அண்ணன் துணியை அடைத்து வைத்திருந்தார். “அடுத்த வாரம் வந்துரும் தம்பி” என்பார், இரண்டு வருஷமும் அதையே சொன்னார். இருக்கிற ஒன்றை நாம் பங்கு போட்டுக்கொண்டோம். ஸ்டிக் உனக்கு, பட்டன் எனக்கு. “நான் நடத்துறேன், நீ அடி” என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். ஒரே மெஷினுக்கு முன்னால் இரண்டு தடியன்கள் நிற்க இடம் ஏது? இடது கையை உன் தோள்மேல் போட்டுக்கொண்டு இடித்துக்கொண்டு நிற்பேன். திருவெறும்பூர்ப் பக்கம் லேத்துப் பட்டறையில் காலை ஷிப்ட் முடித்து நேராக வருவாய். சட்டையெல்லாம் ஆயில் வாடை அடிக்கும். தாவ வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் உன் தோள் லேசாக இறங்கும். நீ வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் அழுத்திவிடுவேன். “ரெண்டு பேருக்கும் ஒரே மூளைடா” என்று பின்னால் நிற்கிறவர்கள் சொல்வார்கள். “அதுவும் முழுசா இல்லப்பா” என்பார் பார்லர் அண்ணன்.

நாம் ஆடியது எந்த வருஷத்தில் நான் ஆடியதாக மாறியது என்று தெரியவில்லை. மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, அப்பா அந்தக் காலத்தில் தென்னூர் சாம்பியன் என்று அளந்து வைத்திருக்கிறேன். சாம்பியன் ஒரு நாள்கூட ஸ்டிக்கைத் தொட்டதில்லை. மூன்று ஸ்டிக் மேல் பழி போட்டேனே, அது என் கைக்கு எப்படி அமையும்? ஸ்டிக் பிடித்த கை உன்னுடையது.

கல்யாணம், குழந்தை, கடை என்று ஆனபிறகு நாம் வாரம் ஒரு தடவை பார்த்தோம், பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. கடைசியாக நீ போன் செய்தது நினைவிருக்கிறது. “ஒரு நாள் முக்கொம்பு போலாம் வாடா, சும்மா உட்கார்ந்துட்டு வரலாம்” என்றாய். ஜெராக்ஸ் கடையில் பரீட்சை சீசன், ஹால் டிக்கெட்டோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். “கூட்டம் குறையட்டும்டா” என்றேன். கூட்டம் குறைந்தது. அதற்குள் நீ போய்விட்டாய்.

மகளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். கேலி செய்வாள் என்று பார்த்தேன், செய்யவில்லை. என் இடது பக்கம் வந்து நின்று உருண்டையைப் பிடித்தாள். “நான் நடத்துறேன், நீங்க அடிங்க” என்றாள். நீ சொன்ன அதே வார்த்தை, அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்து நாள் ஆயிற்று. அவள் தோள் இறங்குவதே இல்லை, வாயால்தான் கத்துகிறாள். “தாவுங்க! அப்பா, தாவுங்க!” நேற்று சாயங்காலம் கடைசிப் பலகை உதிர்வதற்குள் தாவிவிட்டோம். “தாண்டியாச்சுப்பா!” என்று அவள் குதித்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரண்மனை இல்லை மாப்ள. ராட்சசனும் இல்லை. முதல் கட்டத்துக் காடேதான், பச்சைக்குப் பதில் நீலம் அடித்து வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் தப்பு. இதைச் சொன்னால் எப்படிச் சிரித்திருப்பாய். சொல்வதற்கு வேறு ஆள் எனக்கில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் பக்கத்தில் வந்து நின்றதும் பழக்க தோஷத்தில் இடது கையைத் தூக்கி அவள் தோளில் போட்டேன். இரண்டு நிமிஷம் பொறுத்திருப்பாள். “அப்பா, கனமா இருக்குப்பா. எடுங்க” என்றாள்.

எடுத்துவிட்டேன். என் கை கனம் என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டேன். லேத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த தோளில் இரண்டு வருஷம் இதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லையேடா.

இப்போது ஆடும்போது அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டுப் பார்த்தேன், இடுப்பில் வைத்துப் பார்த்தேன். ஆட்டம் சூடு பிடித்ததும் அது பாட்டுக்கு மேலே எழும்பி நிற்கிறது.