உண்ணாமலை பெயரில் தனத்தின் முகம்

அனுப்புநர்
மு. அரங்கநாதன்,
த/பெ. முத்துசாமி,
முந்திரி வியாபாரம்,
மேலத்தெரு, செந்துறை,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: என் மனைவி உண்ணாமலை (வயது 44) போர்ட் பிளேயருக்கு விமானத்தில் செல்ல, அவருடைய முகம் உள்ள அடையாளச் சான்று 21.11.2006-க்குள் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

யார் மேல் புகார் என்று தாங்கள் கேட்டால், முதலில் என் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றி வளைக்காமல் நடந்ததை எழுதுகிறேன்.

1. எங்கள் ஒரே மகள் மலர்க்கொடி அந்தமானில், போர்ட் பிளேயரில் இருக்கிறாள். மாப்பிள்ளை பாலாஜி, சுனாமிக்குப் பிறகு அங்கே நடக்கிற வீடு கட்டும் வேலையில் மேற்பார்வை பார்க்கிறார். போன வருடம் ஆறாம் மாதத்தில் மகளுக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருக்க ஒரு பெண் துணை இல்லை. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து இங்கே அழைத்து வர இருந்தோம். இரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அது நின்றுபோனது. 24.11.2006 அன்று ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். மகள் வர முடியாது என்றால் தாய்தான் போக வேண்டும்.

2. இந்த 8-ஆம் தேதி சென்னை விமான நிலையத்துக்கு மனைவியை அழைத்துப் போனேன். வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது என்ற தைரியம். வாசலில் இருந்த காவலர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர். “ஏம்மா, இது நீங்கதானா?” என்று கேட்டார். என் மனைவி கொஞ்சமும் யோசிக்காமல், “இல்லீங்க, அது எங்க நாத்தனா தனம். நாந்தான் உண்ணாமலை” என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் எப்படி விடுவார்? நான் அவர் இடத்தில் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். டிக்கெட் போனது போகட்டும், அதற்காக இந்த மனு இல்லை.

3. அந்த முகம் அட்டையில் வந்தது என்னால். 1995-இல் பள்ளிக்கூடத்தில் வைத்து வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தார்கள். முந்திரி இறங்குகிற நேரம். களத்தில் பதினெட்டு மூட்டைக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உண்ணாமலை களத்தை விட்டு வந்தால் கொட்டை நனையும். சைக்கிளில் மூட்டை கட்டி ஊர் ஊராக அலைந்து, அந்த வருடம்தான் நான் சொந்தமாகக் கொள்முதல் தொடங்கியிருந்தேன். என் தங்கை தனத்திடம், “உனக்கு ஒருதரம் உக்காரு, அண்ணிக்கு ஒருதரம் உக்காரு, கூட்டத்துல யாரு பாக்கப்போறா” என்று நான்தான் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை. அன்று மழையும் பெய்யவில்லை. பிறகு எத்தனையோ தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியில் இருப்பவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள், “வாங்கக்கா” என்று விரலில் மை வைத்தார்கள். அட்டையை யாரும் பார்த்ததே இல்லை.

4. ஊருக்குத் திரும்பியதிலிருந்து அலைகிறேன். குடும்ப அட்டையில் இருப்பது என் படம், மனைவிக்குப் பெயர் மட்டும். அவர் பெயரில் ஒரு ஏக்கர் முந்திரிக்காடு இருக்கிறது, பட்டாவில் படம் கிடையாது. ஐந்தாவது வரை படித்த சான்றிதழிலும் கிடையாது. வங்கியில் படம் ஒட்டிய பாஸ் புத்தகம் கேட்டால் வாக்காளர் அட்டையைக் கொண்டு வா என்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு மாதக் கணக்காகும். கிராம நிர்வாக அலுவலர் படம் ஒட்டி முத்திரை வைத்துத் தந்தார். விமானக் கம்பெனியில் அது செல்லாது, மேல் அதிகாரி தந்தால் பார்க்கலாம் என்றார்கள். கப்பல் மூன்று நாள் பயணம், அடுத்தது 28-ஆம் தேதிதான். அதற்கும் இதே அட்டையைத்தான் கேட்கிறார்கள். ரயில் போகாத ஊருக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன், ஐயா.

5. அட்டையைத் திருத்தத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். விசாரணை முடிந்து புது அட்டை வர ஜனவரி ஆகும் என்றார்கள். அங்கே எனக்கு வேண்டிய ஒருவர், “படம் தவறுதலா மாறிப்போச்சுன்னு மட்டும் எழுதுங்க, உள்ளதை எழுதினா உங்க மேலதான் கேஸ் வரும்” என்று நல்லதுக்குத்தான் சொன்னார். வியாபாரி புத்திக்கு அது சரியாகவே பட்டது. என் மனைவி ஒப்பவில்லை. “ஒரு பொய்யாலதான் இங்க வந்து நிக்கிறோம், இதுலயாவது உள்ளதை எழுதுங்க” என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதிவிட்டேன்.

தங்கை தனம், “நானே போறேன் அண்ணே, என் மூஞ்சிக்குத்தான் ரெண்டு கார்டு இருக்கே” என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை. அவள் போனால் ஆதரவாகத்தான் இருப்பாள். ஆனால் போனில் மகள் கேட்பது அத்தையை இல்லை.

சந்தையில் எந்தச் சிக்கல் வந்தாலும் யாரைப் பார்க்க வேண்டும், எங்கே இறங்கிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. சொந்த மனைவியை இன்னார் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதம் இல்லை.

மாப்பிள்ளை மறுபடியும் 21-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். இன்று குறைதீர் நாளுக்கு உண்ணாமலையையும் தனத்தையும் கூட அழைத்து வந்து வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறேன். 8-ஆம் தேதி பயணத்துக்குக் கட்டிய பையை மனைவி இன்னும் பிரிக்கவில்லை; பிள்ளைக்கு விரிக்கப் பழைய வேட்டித் துணியும், பிரசவ மருந்துப் பொடியும் அதில் அப்படியே இருக்கின்றன. தாங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு ஒருதரம் பார்த்து, எது யாருடைய முகம் என்று உறுதி செய்து, என் மனைவியின் படத்தில் தங்கள் கையெழுத்தும் முத்திரையும் இட்டுச் சான்று தந்து உதவக் கேட்டுக்கொள்கிறேன். படம் மாற்றியதற்கு என் மேல் நடவடிக்கை எடுப்பதானால் கட்டுப்படுகிறேன். அதை 24-ஆம் தேதிக்குப் பிறகு எடுங்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இடம்: பெரம்பலூர்
நாள்: 13.11.2006

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. அரங்கநாதன்

இணைப்பு: வாக்காளர் அட்டை நகல் (2), குடும்ப அட்டை நகல், டாக்டர் சீட்டு நகல், மனைவியின் புகைப்படம் (1).

இதில் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பது நான்தான்.
அ. உண்ணாமலை