கோப்பி தனியாகச் சாப்பிடாது

மார்ச் 3, திங்கள்

அப்பாவின் தேத்தண்ணியில் உப்புப் போட்டேன். கரண்டி நிறைய. கடைசிச் சொட்டு வரை குடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார், கிள்ளான் டவுனுக்குப் பால் ஊற்றக் கிளம்பிவிட்டார். முகம் சுளிக்கவே இல்லை. இதற்குச் சுவரோடு விளையாடியிருக்கலாம், லோகேஸ்வரி.

இந்த வீட்டில் பேசுகிற ஆள் அம்மாதான். சிங்கப்பூர் கேன்டீன் வேலைக்குப் போனபோது சத்தத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துப்போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கொஞ்சம் திருப்பித் தருவார், லைன் கட்டாகும் வரை.

கோப்பி இன்றும் புல்லைத் தொடவில்லை. கன்று போட்டதிலிருந்தே சரியில்லை. கோப்பி எங்கள் பழுப்பு மாடு, காப்பி நிறம் என்பதால் அந்தப் பெயர். பந்திங் ஊரிலேயே கோப்பியிலிருந்து பால் எடுக்கும் வீடு எங்களுடையதுதான். இந்த ஜோக்கை யாரிடம் சொல்வது? இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

மாட்டு டாக்டர் ஜரீனா வந்தார். கோயம்புத்தூர்க்காரர். பல்கலைக்கழக வேலைக்காக வந்து இங்கே தனியாக இருக்கிறார். கோப்பியின் இடது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, பக்கத்தில் விரலால் சுண்டி, என்னையும் கேட்கச் சொன்னார். டிங். காலிக் குடத்தைத் தட்டின மாதிரி. நாலாவது வயிறு காற்றடைத்து இடது பக்கம் மேலே மிதந்து ஏறிவிட்டதாம். அறுத்து, இறக்கி, தைக்க வேண்டும்.

நிற்க வைத்தே அறுத்தார். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் கோப்பி முழித்துக்கொண்டுதான் நின்றது. தலைக்கயிறு என் கையில். டாக்டரின் கை தோள் வரை உள்ளே. அவர் நோன்பு வேறு, ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை.

முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார், அவருடைய ஆராய்ச்சிக்காக. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பார்க்கிறாராம். உடம்பு பாடுபடும்போது செல்லுக்குள் துருப் பிடிக்கிற மாதிரி ஒன்று நடக்கும். அதை அடக்க ஆன்டிஆக்சிடன்ட் கையிருப்பு உண்டு. கன்று போட்டதிலேயே பாதி தீர்ந்திருக்கும், ஆபரேஷன் மீதியைக் கேட்கும். வைட்டமின் ஈயும் செலினியமும் ஊசியில் ஏற்றினார்.

அப்படியென்றால் நீங்கதான் எங்க ஆன்டி-ஆக்சிடன்ட் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

போகும்போது டாக்டர் சொன்னது: "ஊசி கொஞ்சம்தான் தாங்கும் லோகா. பச்சைப் புல்லு உள்ள போகணும். சாப்பிட்டாத்தான் பொழைக்கும்."

மார்ச் 5, புதன்

மற்ற மாடுகள் காயத்தை நக்கும், முட்டும் என்று அப்பா கோப்பியை வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிவிட்டார். சாப்பிடவில்லை. நானும் பாதி மீ நூடுல்ஸோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

அப்பா போனில் பேசியது காதில் விழுந்தது. சாப்பிடாத மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சனிக்கிழமை லோரி வரட்டும் என்றார். அந்தப் பக்கம் பரமேஸ்வரன் அங்கிள். அவர் லோரியில் ஏறிய மாடு எதுவும் திரும்பி வந்ததில்லை. என்னிடம் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோப்பியை ஏமாற்றியாவது சாப்பிட வைக்கலாம் என்று நினைத்தேன். தீனி நேரத்தில் கொட்டகைச் சத்தத்தைப் போனில் பதிவு செய்தேன். மாடுகள் மெல்வது, சீனி கத்துவது எல்லாம். சீனி அதன் ஜோடி, எப்போதும் பக்கத்திலேயே நிற்கும். கோப்பியின் காதருகே போட்டுக் காட்டினேன்.

எழுந்தது! காதை விறைத்துக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தது. யாரும் இல்லை. மறுபடி படுத்துக்கொண்டது.

சே. ஏன்டி இப்படிச் செஞ்ச? லைன் கட்டானப்புறம் நான் போனைப் பாக்குற மாதிரியே பாத்துச்சு.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் டாக்டர் தையல் பார்க்க வந்தார். நோன்பு திறக்கும் நேரமாகிவிட்டது. கோப்பி பக்கத்திலேயே உட்கார்ந்து பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் பிரித்தார். தனியா நோன்பு தொறந்து அலுத்துப்போச்சு, நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வாயேன் என்றார்.

மதியச் சோறு, ஆறிப்போன குழம்பு. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டில்தான் கை நின்றது. நானா இவ்வளவு சாப்பிட்டேன்? பக்கத்தில் ஒருவர் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன். அவ்வளவுதானா?

சீனியைக் கொண்டுவந்து கட்டலாமா என்று கேட்டேன். நடுவில் ஒரு தடுப்புப் போட்டால் தாராளமாக, யார் தனியாகக் கட்டச் சொன்னது என்றார் டாக்டர். யாரும் சொல்லவில்லை. நல்லதென்று நினைத்து அப்பாவாகவே செய்தது.

குறுக்கே ஒரு கழியைக் கட்டிவிட்டுச் சீனியை அவிழ்த்து வந்தேன். வந்த வேகத்தில் புல்லில் வாயை வைத்தது. சீனிக்கு வெட்கமே கிடையாது. கோப்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வாய் இழுத்தது. மென்றது. இன்னொரு வாய்.

டாக்டர் போனதும் அப்பா வந்தார். திட்டுக்குத் தயாராக நின்றேன். இரண்டு மாட்டையும் பார்த்தார். உள்ளே போய்ச் சோற்றுத் தட்டோடு வந்தார். பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"அது தனியா சாப்பிடாதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்பா."

அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம், கையில் பிசைந்த சோற்றோடு.

மார்ச் 8, சனி

காலையில் அப்பா போனில்: "வேணாம் லா பரமேஸ். அது சாப்புடுது."

மார்ச் 16, ஞாயிறு

நேற்று டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். ரிசல்ட் வர நாளாகுமாம். கோப்பியைப் பார்த்தால் ரிசல்ட் தேவையில்லை என்றார். சீனியின் பங்கையும் கழிக்கு அடியில் இழுத்துத் தின்கிறது, திருடி.

இரவுச் சாப்பாடு இப்போது பின்பக்கம்தான், இரண்டு மாட்டையும் சேர்த்து நாலு பேருக்கும்.

இன்று காலை என் தேத்தண்ணியை அப்பாவே கலக்கி வைத்திருந்தார். ஒரு வாய் குடித்தேன். உப்பு.

கொட்டகைப் பக்கம் பார்த்தேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு பால் கறந்துகொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். விடுவேனா?